புதுப்பிப்பு: அம்மாவின் மறதி, நான்கு மாதங்களுக்குப் பிறகு

74 வயதான என் அம்மா அடுப்பை அணைக்க மறப்பதையும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதையும் குறித்து நான்கு மாதங்களுக்கு முன் எழுதி, நினைவாற்றலுக்கு என்ன பயிற்சி தரலாம் என்று கேட்டிருந்தேன். பயிற்சிக்கு முன் பரிசோதனை தேவை என்று சிலர் கூறியது சரியாகவே இருந்தது. சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உட்கொண்டுவரும் அவருக்கு, அம்மாத்திரையை நெடுங்காலம் எடுப்போரிடம் ஏற்படக்கூடிய வைட்டமின் பி12 குறைபாடு இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. தைராய்டு இயல்பாக இருந்தது. ஊசி தொடங்கிய பின் சோர்வு குறைந்திருக்கிறது.

நாங்கள் எதிர்பாராதது காதுதான். மறதி என்று நாங்கள் எண்ணியவற்றுள் பல, உண்மையில் அவர் காதில் விழாமலேயே போனவை. 2024-இல் வெளியான, ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய 14 இடர்க்காரணிகளுள் ஒன்றாகச் செவித்திறன் இழப்பையும் குறிப்பிட்டிருப்பதை மருத்துவர் எடுத்துரைத்தார். செவித்துணைக் கருவியை அம்மா முதல் மூன்று வாரங்கள் பெட்டியிலேயே வைத்திருந்தார் (பேரனின் கிண்டலே காரணம்). இப்போது நாள்தோறும் அணிகிறார்.

நான் ஏற்றித் தந்த கைப்பேசி விளையாட்டுகளை அவர் தொடவில்லை. ஆனால் பேத்தியுடன் பல்லாங்குழி ஆடும்போது சோழிக் கணக்கு ஒருமுறையும் தவறுவதில்லை. அடுப்பை அணைக்க மட்டும் இன்னும் மறக்கிறார். ஆகவே, நேரம் குறித்தால் தானே அணையும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிவிட்டோம்.