பேஸ் கடன் வழக்குகள்: நீங்கள் பார்த்த கேஸ் எது?

எஸ்க்ரோமேசை:
கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு கவுண்டி வீடு. பேஸ் என்றால், வீட்டில் மின்சிக்கன வேலைக்குக் கொடுத்த பணத்தைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் திட்டம். ஜன்னலும் ஏசியும் மாற்றியதற்கு வருஷம் 2,400 டாலர், சொத்து வரி பில்லில் ஏறிவிட்டது. வங்கிக்குத் தகவல் இல்லை. எஸ்க்ரோவிலிருந்து (வீட்டுக்கடன் தவணையோடு வரிக்காக வங்கி மாதாமாதம் வாங்கி வைக்கும் கணக்கு) வரியைக் கட்டிவிட்டு, அடுத்த கணக்குப் பார்ப்பில் பற்றாக்குறை 2,400-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தார்கள். வரும் வருஷத்துக்கும் மாதம் 200. ஒரே கடிதத்தில் தவணை 400 கூடிவிட்டது. வீட்டுக்கார அம்மா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “நான் கடனே வாங்கலையே, வரின்னுதானே சொன்னாங்க?”

இஸட்வாசகன்:
கோர்ட்டும் அதையேதான் சொன்னது! 2016-ல் ஹீரோ என்ற பேஸ் திட்டத்தின் மேல் போட்ட வழக்குகளில், டிலா (கடன் விவரத்தை வெளிப்படையாகச் சொல்லவைக்கும் அமெரிக்கச் சட்டம்) படி ஏபிஆர் (கட்டணமும் சேர்ந்த வருஷ வட்டி வீதம்), மொத்தச் செலவு எதையும் காட்டவில்லை என்று வாதம். டிலாவின் விதிகளான ரெகுலேஷன் இஸட் விளக்கவுரையில் ‘வரி மதிப்பீடு கடன் ஆகாது’ என்று அப்போது இருந்தது. 2017-ல் தள்ளுபடி. டிலாவின் மூன்று நாள் ரத்து உரிமையும் அதோடு போச்சு.

கோப்புக்கட்டு:
இஸட்வாசகன் பாதியைத்தான் சொல்கிறார். டிலா இல்லையென்றால் கேஸே இல்லையா? கலிஃபோர்னியா 2016-லேயே தனிப் படிவமும் மூன்று வேலைநாள் ரத்து உரிமையும் கொண்டுவந்தது. 2018 முதல் கையெழுத்துக்கு முன்னால் நிபந்தனைகளைப் போனில் வாசித்துப் பதிவு செய்யவேண்டும், வருமானமும் பார்க்கவேண்டும். ஆகவே முதலில் அந்த ஒலிப்பதிவை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அடுத்து மின்கையெழுத்துச் சான்று: ஐபி, நேரம், மின்னஞ்சல். நான் பார்த்த ஒன்றில் மொத்தப் பக்கத்துக்கும் கையெழுத்து ஒரு நிமிஷத்துக்குள், காண்ட்ராக்டர் டேப்லெட்டில், காண்ட்ராக்டரே அன்றைக்குத் திறந்த மின்னஞ்சலில். படிக்காமல் போட்டது வேறு, போடவே இல்லை என்பது வேறு. மனுவில் இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். வேலை முடிந்ததாகக் கொடுத்த சான்றையும் வாங்குங்கள், பணம் கைமாறுவது அதை வைத்துத்தான். சிஎஃப்பிபி (அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு) 2024 டிசம்பரில் பேஸையும் டிலாவுக்குள் கொண்டுவந்தது. அமல் தேதி 2026 மார்ச் 1 என்று போட்டார்கள். பழைய கடனுக்கு உதவாது.

எஸ்க்ரோமேசை:
அந்த அம்மாவுக்கு 2016 கடன், ஒலிப்பதிவு எங்கே இருக்கும்?

வரிப்பில்:
வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், பில்லை நிறுத்தாதீர்கள். டிசம்பர் 10, ஏப்ரல் 10 தாண்டினால் 10 சதவீத அபராதம். வீட்டை விற்கும்போது பே-ஆஃப் கடிதத்தில் (மீதிக் கடனை மொத்தமாக அடைக்க எவ்வளவு என்று சொல்லும் கடிதம்), வரிப் பட்டியலில் ஏற்கெனவே ஏறிய தவணை சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேளுங்கள். அங்கேதான் இரண்டு முறை கட்டுகிறார்கள்.