பழகுபயிர்: 'டொமெஸ்டிகேஷன்' என்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

காட்டுச் செடியோ விலங்கோ மனிதரோடு வாழ்ந்து வழிவழியாக இனமே மாறிப்போவதை ஆங்கிலத்தில் 'டொமெஸ்டிகேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த உரையாடலில் இதுவரை வீட்டுப்படுத்தல், கொல்லைப்படுத்தல், வசப்படுத்தல், இல்லமயமாக்கல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. என் முன்மொழிவைச் சொல்லுமுன், ஐயா கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> 'வேளாண்மை' என்ற நல்ல சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? மனிதன் வேட்டையை விட்டுவிட்டு விதைக்கத் தொடங்கினான். அதுதானே செய்தி?

ஐயா, நான் எழுதிவரும் பாடம் தடுக்கி நிற்பதே இந்த இடத்தில்தான். மனிதர் விதைத்தது ஒரு காலம். விதைத்த செடி மாறியது வேறொரு காலம். விளைச்சலை மட்டுமே நம்பி ஊர் பிழைத்தது அதற்கும் பிந்திய காலம். கலிலேயா ஏரிக்கரையில் ஒஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் குடிசைகளிலேயே காட்டுக் கோதுமையும் காட்டு பார்லியும் கிடைத்திருக்கின்றன. சிரியாவின் ஜெர்ஃப் எல் அஹ்மரில் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் தானியம் சேர்த்துவைக்கக் கட்டடமே இருந்தது. வயலில் மட்டும் முளைக்கும் களைகளின் விதைகளும் அங்கே உண்டு, ஆகவே விதைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த பார்லி உருவத்தில் இன்னும் காட்டு பார்லிதான். இந்த மூன்று காலங்களையும் 'வேளாண்மை' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், மாணவர் மனத்தில் பதிவது ஒரு நாள் காலையில் எழுந்து ஏர் பூட்டிய மனிதன்தான். மனிதர் வேளாண்மைக்கு மாறியதைக் குறிக்கத் தொல்லியலாளர் கார்டன் சைல்டு 1936இல் பரப்பிய 'புதிய கற்காலப் புரட்சி' என்ற தொடரும் அந்தப் படத்துக்குத் துணை போகிறது.

செடியில் மாறியது எது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சொல்லின் பொருத்தம் இதில்தான் இருக்கிறது. காட்டு நெல்லும் காட்டுக் கோதுமையும் முற்றியதும் மணி தானாகக் கழன்று மண்ணில் விழும். விழுந்தால்தான் அடுத்த தலைமுறை. கதிரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் மணி காட்டில் ஒரு குறை. மனிதர் கதிரை அரிந்து எடுத்துப்போய், அதிலிருந்தே மறுபடி விதைக்கும்போது கணக்கு தலைகீழாகிறது. உதிர்ந்த மணி கைக்கு வராது, உதிராதது வரும். இது அகழாய்வில் கண்ணால் காணக் கிடைக்கும் சான்று. கருகிப்போன நெல்மணியின் அடியை உருப்பெருக்கியில் பார்த்தால், தானாக உதிர்ந்ததில் வழுவழுப்பான வட்ட வடு இருக்கும். அடித்துப் பிரித்ததில் பிய்ந்த, சொரசொரப்பான வடு இருக்கும்.

இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும்? கார்டன் ஹில்மன், ஸ்டுவர்ட் டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்து, அரிவாளால் அறுத்தோ வேரோடு பிடுங்கியோ விதைத்துக்கொண்டே வந்தால் 20 முதல் 200 ஆண்டுகளே போதும் என்று 1990இல் கணக்கிட்டார்கள். மண்ணிலிருந்து வந்த விடை வேறு. அகழாய்வில் கிடைத்த கோதுமையை ஆராய்ந்த தன்னோவும் வில்காக்ஸும் 2006இல் காட்டியபடி, உதிராக் கோதுமை மேலோங்க ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

இதனால்தான் '-படுத்தல்' என்று முடியும் எந்தச் சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. 'படுத்து' என்றால் ஒருவர் திட்டமிட்டுச் செய்கிறார், மற்றது அடங்குகிறது. முப்பது தலைமுறைக்குப் பிறகு வரப்போகும் உதிராக் கதிரை நினைத்து யாரும் அரிவாளை எடுக்கவில்லை. 'வீடு', 'கொல்லை' இரண்டும் இடத்தைச் சொல்கின்றன, மாற்றத்தைச் சொல்லவில்லை. ஒருவர் தனிமடலில் 'திருந்துபயிர்' என்று எழுதியிருந்தார். காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்ற வழக்கை வைத்துப் பார்த்தால் நல்ல சொல்தான். ஆனால் திருந்துவதற்குக் காட்டுச்செடி என்ன தப்பு செய்தது?

என் முன்மொழிவு பழகுபயிர். நிகழ்வுக்குப் பெயர் பழகல்.

பழகுதல் என்பது தமிழில் இரு தரப்புக்கும் பொதுவான வினை. "அவரோடு பத்து வருஷப் பழக்கம்" என்றால் இருவரும் ஒருவருக்கொருவர் பழகியிருக்கிறார்கள். நெல் மனிதருக்குப் பழகியதுபோலவே மனிதரும் நெல்லுக்குப் பழகினார்கள். விதைக்கும் பருவத்துக்குக் காத்திருந்தார்கள், குதிர் கட்டினார்கள், அந்தத் தானியக் குதிர்களை விட்டு நகர முடியாமல் ஊர் கட்டினார்கள். அடுத்த காரணம் இலக்கணம். பழகுபயிர் வினைத்தொகை, பழகிய, பழகுகின்ற, பழகும் பயிர் என மூன்று காலமும் அதில் மறைந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டு நீண்ட ஒரு நிகழ்வுக்கு இதைவிடப் பொருந்தும் சொல்லமைப்பு எனக்குக் கிடைக்கவில்லை. (வினைத்தொகையில் வலி மிகாது. 'பழகுப்பயிர்' என்று எழுதிவிட வேண்டாம்.)

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் அப்புச்சி எள் விதைப்பார். எள்ளுக்காய் முற்றி வெடித்தால் அத்தனையும் மண்ணுக்குப் போய்விடும். ஆகவே அடிக்காய் பழுக்கத் தொடங்கும்போதே அறுத்து, கட்டுக் கட்டாக நிமிர்த்திச் சாய்த்துவைப்பார். நாலைந்து நாள் வெயில் குடித்த பிறகு துணி விரித்து, ஒரு கட்டைக் கவிழ்த்து லேசாகத் தட்டினால் மழை கொட்டுவது போலச் சத்தம் வரும். ஹரப்பாவிலேயே எள் கிடைத்திருக்கிறது. நாலாயிரம் ஆண்டுக்கு மேல் நம்மோடு இருந்தும், விதையைச் சிதறும் பழக்கத்தை அது இன்னும் விடவில்லை. 'வீட்டுப்படுத்தப்பட்ட பயிர்' என்று எழுதினால் எள்ளுக்கு அது பொய். பழகுபயிர் என்றால் சரியாக இருக்கிறது.

அக்கா எழுப்பிய ஐயம் வலுவானது.

> பழகிய யானை என்கிறோமே. அறிவியலில் யானை 'டொமெஸ்டிகேட்டட்' விலங்கு இல்லையே?

ஆமாம், இல்லை. மாவுத்தர் பழக்குவது அந்த ஒரு யானையை. அதன் இனம் மாறுவதில்லை. ஆகவே ஓர் உயிரைப் பணியவைப்பதற்குப் பிறவினையான 'பழக்கல்', வழிவழியாக இனமே மாறுவதற்குத் தன்வினையான 'பழகல்' என்று வரையறையில் பிரித்துவிடலாம். ஆடு பழகுவிலங்கு. அதுவும் மெதுவாகத்தான் பழகியது. ஈரானின் கஞ்ச் தாரேயில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே கிடாக்குட்டிகளை இளமையில் அறுத்துவிட்டுப் பெட்டையாடுகளை வளரவிட்டிருக்கிறார்கள் என்பது எலும்புகளில் தெரிகிறது. ஆட்டின் உருவம் மட்டும் அப்போது மாறவில்லை.

இன்னும் இரண்டு சொற்கள். காட்டு வித்தை விதைத்துவந்த இடைக்காலத்துக்குக் 'காட்டுவிதைப்பு' என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் கொங்கு நாட்டில் காடு என்றாலே உழுது விதைக்கும் புஞ்சை நிலம், பொருள் கெட்டுவிடும். ஆகவே பழகாவித்திடல். தேடியும் பொறுக்கியும் உண்ட வாழ்வுக்குத் தேடுணவு. இதுவும் வினைத்தொகைதான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் சொல்லை ஏற்பது சரியில்லை. பாடத்திலிருந்து ஒரு பத்தி:

"சீனாவின் தியன்லுவோஷான் மக்கள் தேடுணவை விட்டுவிடவில்லை. ஓக் கொட்டைகளைப் பொறுக்கினார்கள், நெல்லையும் விதைத்தார்கள். பழகாவித்திடலில் தொடங்கிய அந்த வயல்களில், 6,900 ஆண்டுகளுக்கு முன் நெல்லடிகளில் நூற்றுக்கு 27 உதிராநெல்லின் வடுவோடு இருந்தன. 300 ஆண்டு கழித்து அது 39 ஆனது. நெல் அப்போதும் பழகிக்கொண்டுதான் இருந்தது."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதை வாசித்துக்காட்டி, எந்தச் சொல்லில் தடுக்கியது என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுவேன்.