மறுமொழி: ‘ஃபெர்டைல்’ - வளமான பொருளா, சூல்கொள் பொருளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புளூட்டோனியம் பற்றிய தமிழ்க் கட்டுரைக்காக, ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் முன்மொழியும் சொற்பட்டியலை முழுதும் படித்தேன். அரை ஆயுள், ஓரிடத்தான் (யுரேனியம்-235, 238 போல, ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை), புறவேற்றுமை வடிவம் (ஒரே தனிமம் எடுக்கும் வெவ்வேறு படிக அமைப்பு) எல்லாம் பழகிய சொற்கள், அப்படியே இருக்கட்டும். என்னை உறுத்துவது ஒன்றுதான்: ஃபெர்டைல் (தான் எளிதில் பிளவுபடாமல், நியூட்ரானை ஏற்றுப் பிளவுபடும் பொருளாக மாறக்கூடியது) என்பதற்கு ‘வளமான’ என்று போட்டிருப்பது.

‘வளமான யுரேனியம்’ என்றால் படிப்பவர் செறிவூட்டிய யுரேனியம் என்றே எடுத்துக்கொள்வார். உண்மை நேர் எதிர். செறிவூட்டியதில் யுரேனியம்-235 கூடுதலாக இருக்கும். ஃபெர்டைல் என்று நாம் சொல்ல வருவதோ யுரேனியம்-238ஐ.

உலைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை ஏற்று யுரேனியம்-239 ஆகிறது. அதன் அரை ஆயுள் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 23 நிமிடம். பீட்டா சிதைவில் (கருவிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் சிதைவு) அது நெப்டியூனியம்-239 ஆகிறது. இதற்கு அரை ஆயுள் இரண்டரை நாளுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் சிதைந்த பிறகுதான் புளூட்டோனியம்-239. ஒன்றை ஏற்று, சிறிது காலம் சுமந்து, வேறொன்றை ஈனுகிற வேலை இது. இதற்குச் ‘சூல்கொள்’ என்ற வினை நம்மிடம் இருக்கிறதே! மழைக்குமுன் கறுத்து நிற்பதைச் சூல்கொண்ட மேகம் என்கிறோம். எரிபொருளை எரித்துக்கொண்டே புதிய எரிபொருளையும் உண்டாக்கும் பிரீடர் உலைக்கு ஈனுலை என்ற பெயர் நன்றாக வேரூன்றிவிட்டது. ஈனுலையில் வைப்பது சூல்கொள் பொருள் என்றால் இரண்டு சொல்லும் ஒன்றையொன்று விளக்கும். தோரியம்-232 யுரேனியம்-233ஆக மாறுவதற்கும் இது அப்படியே பொருந்தும்.

‘கருவுறு பொருள்’ போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அணுக்கரு என்ற சொல் வரிக்கு வரி வரும் கட்டுரையில் கருவுறு என்றும் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். சூல் தாவரவியல் சொல் என்பது எழக்கூடிய இன்னொரு தடை. ஆனால் பூவைப் பற்றிய பாடத்தையும் அணு உலையைப் பற்றிய பாடத்தையும் யாரும் மாற்றிப் படிக்கமாட்டார்கள்.

ஃபிசைல் என்பதற்குப் ‘பிளவுறு’ சரி. ஆனால் மெது நியூட்ரானாலேயே பிளவைத் தொடர்ந்து நடத்தக்கூடியது என்ற வரையறையை முதல் இடத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் புளூட்டோனியம் என்றாலே எல்லாம் ஒன்று என்று தோன்றிவிடும். புளூட்டோனியம்-239 பிளவுறு பொருள். புளூட்டோனியம்-240 மெது நியூட்ரானால் எளிதில் பிளவதில்லை. இன்னொரு நியூட்ரானை ஏற்று 241 ஆனால் பிளவுறும். ஆக 240ம் சூல்கொள் பொருளே. ஒரே தனிமத்தில் இரு வகையும் இருப்பதால்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மன்றாடுகிறேன்.

புளூட்டோனியம்-238ஐத் தனிப் பத்தியில் சொல்லலாம். 1977இல் கிளம்பிய வாயேஜர் கலங்களுக்கு மின்சாரம் தருவது அதன் ஆல்ஃபா சிதைவில் எழும் வெப்பம். அங்கே பிளவு நடப்பதே இல்லை, எனவே கட்டுரையில் உள்ள ‘சிறு அணு உலை’ என்ற வரியை எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் பண்புகள் பகுதியில் ஒரு திருத்தம். சாதாரண அழுத்தத்தில் புளூட்டோனியத்துக்கு ஆறு புறவேற்றுமை வடிவங்கள். அறை வெப்பநிலையிலுள்ள ஆல்ஃபா வடிவம் வார்ப்பிரும்புபோல நொறுங்கும். சிறிதளவு காலியம் சேர்த்து நிலைநிறுத்திய டெல்டா வடிவத்தைத் தட்டி உருவாக்கலாம். தூய டெல்டா சூடேற்றினால் சுருங்கும். அதைப் பட்டியலில் ‘எதிர்மறை வெப்ப விரிவு’ என்று போட்டிருக்கிறீர்கள். ‘வெப்பச் சுருக்கம்’ போதும். சுருங்குகிற பொருளை எதிர்மறையாக விரிகிறது என்று ஏன் சொல்ல வேண்டும்?

சேர்மங்களில் புளூட்டோனியம் டைஆக்சைடு, கலப்பு ஆக்சைடு எரிபொருள் இரண்டிலும் எனக்கு மறுப்பில்லை.

கடைசியாகப் ‘போர்வை’. ஈனுலையின் உள்ளகத்தை (எரிபொருள் இருக்கும் நடுப்பகுதி) சுற்றி அடுக்கும் யுரேனியம்-238ஐ ஆங்கிலத்தில் பிளாங்கெட் என்பதால் நாமும் போர்வை என்றிருக்கிறோம். அது மூடிக் காக்க வைத்ததல்ல. வெளியேறும் நியூட்ரான்களை ஏற்றுப் புளூட்டோனியம் ஆகவே வைத்தது. ‘சூலடுக்கு’ என்று மாற்றலாமா? உலை இயற்பியல் கற்பிப்பவர்கள் இதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, மாணவருக்குப் புரிகிறதா என்று எழுதுங்கள்.