பிஎச்டி முன்மொழிவு: ‘தாமிரபரணியில் நீர் மேலாண்மை’ என்பதை எப்படிச் சுருக்குவது?

பொருநைக்கரை:
சமூகவியலில் பதிந்திருக்கிறேன். டாக்டோரல் கமிட்டிக்கு முன்மொழிவு வைக்கணும். தலைப்பு ‘தாமிரபரணிப் பாசனத்தில் நீர் மேலாண்மை: ஓர் ஆய்வு’. 22 பக்கம் எழுதியாச்சு, அதில் 14 பக்கம் ஆற்றின் வரலாறு. “தலைப்பு இருக்கு, கேள்வி எங்கே?” என்கிறார் கைடு. எங்கிருந்து தொடங்க?

கடைமடை:
அந்த 14 பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்குங்க. ஆற்றில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு; அத்தனையையும் ஒரே ஆள் பார்த்து முடிக்க முடியாது. ஒரு கால்வாய் போதும். பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாயை எடுத்தால் கேள்வி இப்படி வரும்: ‘கார் பருவத்தில் (ஜூன் வாக்கில் தொடங்கும் நெல் பருவம்) தண்ணீர் குறையும்போது முறை வைப்பதை, அதாவது யாருக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிடுவதை, யார் முடிவு செய்கிறார்கள்? தலைமடைக் (கால்வாயின் தொடக்கத்தில் உள்ள) குளத்திலும் கடைமடைக் (கடைசியில் உள்ள) குளத்திலும் அது எப்படி வேறுபடுகிறது?’ அதிகாரிதான் என்று விடை வந்தாலும் சரி, ஊர்க்காரர்தான் என்று வந்தாலும் சரி, ஆய்வு நிற்கும். ‘நீர் மேலாண்மையை ஆராய்தல்’ என்பதில் விடை இப்படியோ அப்படியோ மாறி வர இடமே இல்லை. அதனாலேயே அது கேள்வி இல்லை.

‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்று மட்டும் எழுதிராதீங்க. கமிட்டியில் ஒருத்தர் போனில் ஷோத்கங்காவை (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) திறந்து பழைய ஆய்வேட்டைக் காட்டுவார். ஆற்றின் பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்க. முன்மொழிவுகளுக்கு ஷோத்கங்கோத்ரி தனியாக இருக்கு. ‘இன்னின்னார் பரப்பையும் விளைச்சலையும் கணக்கிட்டார்கள், முறை வைக்கும் முடிவைத் தொடவில்லை’ என்று எழுதினால்தான் அது ஆய்வு இடைவெளி.

நெல்லைவாசி:
தரவில் ஒரு பொறி இருக்கு. அடங்கல் (கிராமத்தின் பயிர்ப் பதிவேடு) பசலிக் கணக்கு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு: பசலி 1434 என்றால் 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. கார் நடவு ஜூனிலேயே தொடங்கினால் ஒரே பயிர் இரண்டு பசலியில் விழும். மழைக் கணக்கோ ஆங்கில வருஷம். எதை எதோடு பொருத்துவீங்க என்று ஆய்வுமுறைப் பகுதியிலேயே சொல்லிருங்க.

மாதிரிக்கு நான்கு குளம், குளத்துக்கு 10 விவசாயி, கூட மடை திறப்பவர், அதிகாரி என 5 பேர். மொத்தம் 45 நேர்காணல். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்து மணி நேரமாவது பிடிக்கும், ஆக 225 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் 75 நாள். கால அட்டவணையில் பலரும் விடுவது இதைத்தான்.

பொருநைக்கரை:
நன்றி அண்ணாச்சி. அந்த வருஷம் காருக்குத் தண்ணீரே திறக்காவிட்டால்?

கடைமடை:
பாபநாசம் அணையில் இருப்பு இல்லாவிட்டால் அப்படியும் நடக்கும். நேரில் பார்ப்பதை மட்டும் நம்பாதீங்க. முந்தைய பற்றாக்குறை வருஷத்தை நினைவிலிருந்து கேட்கும் கேள்விகளையும், பாசன சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தையும் மாற்று வழியாக இப்போதே சேர்த்துருங்க. புத்தகத்தைப் பார்க்கத் துறையின் கடிதம் வேணும், அதை மே மாதத்துக்குள் வாங்கிருங்க.