ஆதித்யா போய்ச் சேர்ந்தாச்சு, கொடைக்கானலை மூடலாமா?

எல்ஒன்_ரசிகன்:
சூரியனைப் பார்க்க இந்தியா அனுப்பின விண்கலம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6-லேயே இடம் பிடிச்சிடுச்சு. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ராத்திரி கிடையாது, மேகம் கிடையாது, கிரகணம்கூடக் கிடையாது. கொடைக்கானல் சூரிய அப்சர்வேட்டரியில ஐப்பசி கார்த்திகை வந்தா சூரியனைத் தேடணும். அங்க எடுக்கிற அதே கால்சியம் ஒளியில ஆதித்யாவோட புற ஊதாக் கேமரா, சூட் கருவி, மேலிருந்தே படம் எடுக்குது. அப்சர்வேட்டரியை மியூசியமா வச்சுட்டு, லடாக்ல திட்டமிட்டிருக்கிற 2 மீட்டர் சூரியத் தொலைநோக்கிக்குக் காசைப் போடலாம்.

மலைச்சூரியன்:
"அதே கால்சியம் ஒளி" என்று யார் சொன்னது? கொடைக்கானல் எடுப்பது கால்சியம்-கே, 393.37 நானோமீட்டர். சூட் எடுப்பது கால்சியம்-எச், 396.85. வேறு வேறு நிறமாலைக் கோடுகள். இது தெரியாமல் ஒரு நிலையத்தை மூடச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

எல்ஒன்_ரசிகன்:
மூணரை நானோமீட்டருக்கா இந்தக் கோபம்? ஒரே அயனி, ஒரே நிறமண்டலம் (கண்ணுக்குத் தெரியற சூரியப் பரப்புக்கு மேல இருக்கிற அடுக்கு).

மலைச்சூரியன்:
393.37. 1907 முதல் அந்தக் கோட்டில் படம் இருக்கிறது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா 1912 முதல். நூறு வருஷத்துப் படங்களில் பிளாஜ், அதாவது நிறமண்டலத்தின் பளிச்சென்ற திட்டுகளின் பரப்பு, எப்படி ஏறி இறங்கியது என்று அளக்க, தொடர் அறுபடக் கூடாது. கண்ணாடித் தகடு வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் கறுக்காது, இப்போதைய டிஜிட்டல் உணரி சிசிடி அப்படி இல்லை. வடிகட்டியின் பட்டை கொஞ்சம் அகலமானாலே கோட்டின் இரு பக்கத்து ஒளிமண்டல (கண்ணுக்குத் தெரியும் பரப்பின்) வெளிச்சமும் உள்ளே வந்து பிளாஜை மங்கடித்துவிடும். எச் படத்தைக் கே தொடரோடு ஒட்ட வேண்டுமென்றால் ஒரே நாளில் இரண்டும் எடுக்க வேண்டும். சூரிய வட்டு விளிம்பை நோக்கி மங்கலாவதைக் கழிக்க வேண்டும். எந்த வெளிச்சத்துக்கு மேல் பிளாஜ் என்ற வரம்பை இரண்டிலும் ஒத்துப் பார்க்க வேண்டும். இதை ஒரு முழுச் சூரியச் சுழற்சிக்கு, சுமார் 11 வருஷம், செய்தால்தான் நம்பலாம். ஆதித்யாவுக்குத் திட்டமிட்ட ஆயுள் 5 வருஷம். கீழே இருப்பதை மூடிவிட்டால் எதோடு ஒத்துப் பார்ப்பீர்கள்?

இன்னொன்று. எல்1 புள்ளியைச் சுற்றி ஆதித்யா போகும் ஒளிவட்டப் பாதை (halo orbit) தானாக நிலைக்காது. 178 நாளுக்கு ஒரு சுற்று. முதல் சுற்றிலேயே 2024 பிப்ரவரி 22, ஜூன் 7, ஜூலை 2 என மூன்று தடவை உந்திப் பாதையில் நிலைநிறுத்தினார்கள். எரிபொருள் தீர்ந்தால் அங்கே ஸ்பேனரோடு யாரும் போக முடியாது.

முத்தோரை_327:
ரெண்டு பேருக்கும் ஊட்டி கண்ணுக்கே தெரியலையா? முத்தோரை ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 சட்டம், 1,056 டைபோல் ஆன்டெனா. ஊரோட அட்சரேகைக்குச் சமமா 11 டிகிரி சரிவு தேடிப் பிடிச்சுக் கட்டினாங்க. அதனால அச்சு பூமியோட அச்சுக்கு இணையா விழுது, ஒரே அச்சுல திருப்பினாலே ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். தூரத்து ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றைக் கடக்கறப்ப மினுக்கும். அதை அளந்து, சூரியப் புயல் பாதி வழியில இருக்கறப்பவே வேகம் சொல்ல முடியும். ஆதித்யாவோட துகள் அளவி தன்மேல மோதினதைத்தான் சொல்லும்.

மலைச்சூரியன்:
ஊட்டிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள். முத்தோரை 1970-ல் வந்தது. வானியலாளர் எவர்ஷெட் 1909-லேயே கொடைக்கானலில் கரும்புள்ளியின் புறநிழலில் (கறுத்த நடுவைச் சுற்றிய மங்கல் வளையத்தில்) வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். புறநிழலில் சூரிய விளிம்பைப் பார்த்த பக்கம் சிவப்பு விலக்கம் (நம்மை விட்டு விலகுகிறது), சூரிய வட்டின் நடுவைப் பார்த்த பக்கம் நீல விலக்கம் (நம்மை நோக்கி வருகிறது). அந்த விளைவு உலகம் முழுக்க இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

முத்தோரை_327:
போன இழையிலயும் எவர்ஷெட், இதுலயும் எவர்ஷெட். 1909-க்குப் பிறகு கொடைக்கானல்ல காலண்டரே கிழிக்கலையா?

பேத்துப்பாறை:
ஆதித்யாவில் சூரியனின் வெளி வளிமண்டலத்தை (கொரோனாவை)ப் பார்க்கும் வெல்க் கருவியைச் செய்ததே கொடைக்கானலை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். அவர்களே இரண்டையும் வைத்திருக்கும்போது நமக்குள் எதற்குச் சண்டை?

எல்ஒன்_ரசிகன்:
வெல்க் பெங்களூரு பக்கம் ஓசகோட்டையில செஞ்சது. சூட் புனேயில. அதுல கொடைக்கானலுக்கு என்ன பங்கு? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. 300 நானோமீட்டருக்குக் கீழ ஓசோன் எல்லாத்தையும் விழுங்கிடும். சூட் மக்னீசியம் கோட்டை 279.6-ல எடுக்குது. உங்க மலையில இன்னும் ஆயிரம் வருஷம் உட்கார்ந்தாலும் அது கிடைக்காது.

மலைச்சூரியன்:
மக்னீசியத்தை இங்கே யார் கேட்டது? நீங்கள் எழுதியது "அதே கால்சியம்". 393.37-ம் 396.85-ம் ஒன்றா இல்லையா?

எல்ஒன்_ரசிகன்:
நிறமண்டலம் ஒண்ணுதான்.

மலைச்சூரியன்:
கோடு ஒன்றா?

முத்தோரை_327:
முத்தோரை கேட்கிற 327 மெகாஹெர்ட்ஸ்ல மேகமும் தடையில்லை, ராத்திரியும் தடையில்லை. இதையும் யாராவது கொஞ்சம் காதுல போட்டுக்கலாம்.

மலைச்சூரியன்:
ஊட்டி இழை கீழே இருக்கிறது. எல்ஒன் சார், முதல் பதிவில் "அதே" என்ற சொல்லை எடுங்கள், பிறகு லடாக்கைப் பற்றிப் பேசுவோம்.

எல்ஒன்_ரசிகன்:
எடுக்க மாட்டேன்.