மறு: ஃப்ரீ ப்ளே, ஸ்லாக் ரெண்டுக்கும் தளர்வேதானா?

> கிளட்ச் ஃப்ரீ ப்ளே – தளர்வு
> செயின் ஸ்லாக் – தளர்வு

வணக்கமுங்க. நம்ம பைக் தமிழ்ச்சொல் பட்டியல்ல இந்த ரெண்டு வரிய மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைங்க. முன்னாடி ஒருத்தர் ஃப்ரீ ப்ளேக்கு 'கட்டற்ற விளையாட்டு'ன்னு போட்டதுக்கு இது எவ்வளவோ தேவலை, ஆனா தளர்வுன்னு படிச்சா நம்மாளு உடனே ஸ்பேனர எடுத்து முறுக்கத்தான் போவான். நானே அப்படித்தானுங்க, செயின் தொங்குதேன்னு கம்பியாட்டம் இழுத்து வெச்சுட்டு, பின்னாடி வீட்டுக்காரி, டேங்க் மேல பைன்னு திம்பம் மலைப்பாதை ஏறுனேன், 27 வளைவுல பாதி தாண்டறதுக்குள்ள கீழ ஊஊன்னு சத்தம். பாரத்துல பின்பக்கம் அமுங்குனா பின்சக்கரத்தப் புடிச்சிருக்கற ஸ்விங்ஆர்ம் நேரா வந்து, செயின் ஓடற பல்சக்கரம் இருக்குதே ஸ்பிராக்கெட்டு, அது ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடும், செயினு விட்டுக்குடுக்கலைன்னா கியர்பாக்ஸ் பேரிங்குதான் அடி வாங்கும்.

அதனால செயின் ஸ்லாக்குக்கு 'தொய்வு'ன்னு வைக்கலாமுங்க. நடுவுல எவ்வளவு தொங்குதுன்னு ஸ்கேல் வெச்சுச் சொல்ற மாதிரி இருக்குது. நம்ம 100, 125 சிசி வண்டிகளுக்குப் பொதுவா 20ல இருந்து 30 மி.மீ. இன்ஜின ஆஃப் பண்ணி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தச் சுத்தி நாலு எடத்துல கீழ்ச்செயின விரலால அசைச்சுப் பாத்து, எங்க ரொம்ப விறைப்போ அங்கதான் அளக்கோணும். தறில பாவு நூலு தொய்ஞ்சா குத்தமாச்சேன்னு தறி ஓட்டற சோமனூர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க, வரட்டுங்க.

கிளட்ச் லீவரோட ஃப்ரீ ப்ளேக்கு அந்தச் சொல்லு ஒட்டாது, அங்க ஒண்ணும் தொங்கலீங்களே. எங்கப்பாரு எருமைய 'எளக்கமா கட்டுடா'ம்பாரு, அவுத்து விடச் சொல்லலை, கழுத்தத் திருப்பற அளவுக்குக் கயிறு விடச் சொல்றாரு. லீவர் நுனி 10ல இருந்து 20 மி.மீ சும்மா வந்து அப்பறம் கேபிள் இழுக்குதே, அதுவும் அதேதானுங்க. சுத்தமா இல்லைன்னா கிளட்ச் பாதி புடிச்சாப்புலயே ஓடி பிளேட்டு கருகிரும். அதனால 'இளக்கம்'. எழுத்துல இ போட்டுக்கலாம், பேசறப்ப எ தான் வரும்.

'ஆட்டம்'னு வைக்கலாமேன்னு கேட்டிருந்தீங்க, வேண்டாமுங்க. புஷ்ஷு தேஞ்சு சக்கரம் கடகடன்னு ஆடறதத்தான் பட்டறைல 'ஆட்டங்கண்டுருச்சு'ங்கறாங்க, அத அதுக்கே விட்டுருங்க.

அப்பறம் செயின் அட்ஜஸ்டருக்கு 'இறுக்கச் சீராக்கி'ன்னு போட்டது யாருங்ண்ணா? ஒருக்கா பட்டறைக்குப் போயி சத்தமாக் கேட்டு வாங்கிட்டு வாங்க பாக்கலாம்.