புதுப்பிப்பு: தண்ணீர் வெளியேறாமல், ஸ்பின்னும் ஆகாமல் நின்ற டாப் லோடு வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: துவைப்பது வரை ஒழுங்காக ஓடும், அப்புறம் தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும், ஸ்பின்னும் ஆகாது.

தண்ணீர் வெளியேறும் ஹோஸில் அடைப்பு இல்லை, மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்சும் நன்றாகவே இருந்தது. 'டிரெயின் மோட்டாரைப் பாருங்கள்' என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. என்னுடையது போன்ற பல டாப் லோடு மெஷின்களில் பம்ப் கிடையாது. அடியில் உள்ள சின்ன மோட்டார் ஒரு கம்பியை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் டிரெயின் வால்வும் திறக்கும், கிளட்சும் ஸ்பின்னுக்கு மாறும். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே நின்றுபோயின.

பிளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பியைக் கையால் இழுத்தேன்; தண்ணீர் கொட்டியது. ஆக, வழியில் அடைப்பில்லை. பிறகு மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஸ்பின் நேரத்தில் மோட்டாருக்கு 230 வோல்ட் அளவில் கரன்ட் வருகிறது, மோட்டார் அசையவில்லை. கரன்ட் வராமல் இருந்திருந்தால் மெஷினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும். அது தப்பித்ததில் பெரிய நிம்மதி. அதே மாடலுக்கான மோட்டாரை மாற்றினோம்.

எதிர்பாராத ஒன்று: இப்போது வடிந்தது, சுற்றியது, ஆனால் தண்ணீர் பிடிக்கும்போதே ஹோஸ் வழியாகக் கசிந்தது. வால்வைக் கழற்றினால் ரப்பருக்கு அடியில் ஒரு சட்டைப் பட்டனும் சிக்கலான நூலும் இருந்தன. எடுத்துவிட்டு, ரப்பரில் படிந்திருந்த உப்பையும் கழுவி மாட்டியதும் கசிவு நின்றது.